ஓட்டை இலை

போன வாரம் போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அழைத்தவர் சோப்பு மேடம். ஆறு வகை சோப்பு தயாரிக்கிறார். ஆறுக்கும் புதுப் பெட்டி வேண்டும். அந்த வேலைக்கு நானும் போட்டியில் இருந்தேன், இன்னொரு பெரிய கம்பெனியும் இருந்தது. "நீங்க அனுப்பின டிசைனெல்லாம் பார்த்தேன் சார். ஒரே நாள்ல இத்தனையா! நாளைக்கு மத்தியானம் நேர்ல வாங்க, பேசி முடிச்சுடலாம்" என்றார்.

நான் எதுவும் அனுப்பவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மாமா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவி முடித்த ரொட்டியிலேயே மறுபடியும் தடவினார்.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் இறந்தபோது, ஒரு வாரம் கூட இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவரும் இருக்கிறார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

"நீங்களா மாமா?"

"எது?"

"சோப்பு மேடத்துக்கு அனுப்பினது."

"நீங்க அசந்து தூங்கிட்டிருந்தீங்க மாப்பிள்ளை. கம்ப்யூட்டர் முழிச்சுக்கிட்டிருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். ரொட்டியை என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் காலை, ஆபீசுக்குப் போகும் வழியில் அக்கா வந்தாள். என் அக்கா. கையில் இஸ்திரி போட்ட சட்டை. கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஷேவ் பண்ணலையா?"

"பண்றேன்."

"அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அங்கே விளம்பரப் பிரிவில் ஒரு டிசைனர் வேலை. காலையில் விரல் வைத்து உள்ளே போய், மாலையில் விரல் வைத்து வெளியே வரவேண்டும். சோப்பு மேடத்தின் வேலை கிடைக்காவிட்டால் ஸ்டூடியோவை மூடிவிட்டு அங்கே சேர்ந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோ என்பது எங்கள் வீட்டின் முன்னறை. இரண்டு மேஜைகள். ஒன்று என்னுடையது.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. பொம்மைக் கம்பெனிக்காரர் பல வருஷ வாடிக்கை. அவரே, "இனிமே மெஷினே வரைஞ்சுடும் தம்பி, உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்று சிரித்துக்கொண்டே கை கழுவிவிட்டார். புதிதாக ஏஐ கருவி எது வந்தாலும் அக்கா எனக்கு அனுப்பி வைப்பாள். 'இதைக் கத்துக்கோ.' நான் பாதி கற்பதற்குள் அடுத்தது வரும். 'அதை விடு, இதைக் கத்துக்கோ.' அப்புறம் பார்க்கலாம் என்று சேர்த்து வைத்த பாடங்களைப் பார்க்க எனக்கு இன்னொரு ஆயுள் வேண்டும். கருவிகளைப் பயன்படுத்தாமல் இல்லை. பின்னணியை நீக்குவேன். நிறம் மாற்றிப் பார்ப்பேன். அதற்கு மேல் போக மனசு வரவில்லை. எதிலும்தான் வரவில்லை.

"மாமா ஏதோ அனுப்பியிருக்காராமே?" அக்கா சட்டையை நாற்காலியில் போட்டாள். "என்னதான் மாமா அனுப்புனீங்க?"

"டிசைன்மா."

"உங்களுக்கு டிசைன் தெரியுமா?"

"தெரியாதுதான். அதுக்குத் தெரியுமே."

முந்தின நாள் பார்க்கத் தைரியம் வராத அந்த மின்னஞ்சலைத் திறந்தேன். மேலே, 'வணக்கம். நாங்கள் தங்கள் பார்வைக்கு அனுப்பியுள்ள மாதிரிகள்' என்று இருந்தது. ரயில்வே கடிதம் மாதிரி. கீழே வரிசையாகப் படங்கள். முப்பது முப்பத்தைந்து இருக்கும்.

அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"டேய், எல்லாமே ஒண்ணுதானேடா?"

ஆமாம். வெள்ளைச் சோப்புப் பெட்டி. நடுவில் ஒரு பச்சை இலை. ஒன்றில் இலை சாய்ந்திருந்தது. ஒன்றில் பனித்துளி. ஒன்றில் இலைக்கு ஒரு பளபளப்பு, மெழுகு பூசியது போல. ஆனால் அதே இலைதான்.

கீழே தள்ளிக்கொண்டே போனேன். கடைசிப் படத்தில் கை நின்றுவிட்டது.

அந்த இலையில் மட்டும் ஒரு ஓட்டை. நடு நரம்புக்கு இடது பக்கம், ஓரம் கடிபட்டது போல ஒழுங்கில்லாத ஓட்டை.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். பிரிட்ஜ் கதவில் ஒரு சின்னத் தாள். என் மனைவி யாருடனோ போனில் பேசிக்கொண்டே கிறுக்கிய இலை. எந்த இலை வரைந்தாலும் அவள் அதில் ஒரு ஓட்டை போடுவாள். திருமணப் பத்திரிகையில்கூட ஒரு கொடி வரைந்து அதில் ஒரு ஓட்டை போட்டாள். அச்சகத்துக்காரர் பிழை என்று நினைத்து அடைத்துவிட்டார். அவருடன் அவள் போட்ட சண்டையை மாமாவும் பார்த்திருக்கிறார்.

தாள் இருந்தது. காந்தம் மட்டும் இடம் மாறியிருந்தது.

"இதைப் படம் எடுத்துப் போட்டீங்களா மாமா?"

மாமா சமையலறை வாசலில் நின்றார். "போட்டேன். இந்த இலையைச் சோப்புப் பெட்டியில வெச்சுக் குடுன்னு கேட்டேன். குடுத்துச்சு. ஆனா ஓட்டையை அடைச்சுடுச்சு."

"சரி."

"அடைக்காதேன்னேன். மன்னிப்பு கேட்டுட்டு மறுபடியும் அடைச்சுது. எனக்கும் விடத் தோணல. அதுவும் விடல."

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. "அப்ப இது முப்பத்தஞ்சு டிசைன் இல்லையா? ஒரே டிசைனை முப்பத்தஞ்சு தடவை திருத்தினதா?"

"பின்ன? நான் எதுக்கும்மா முப்பத்தஞ்சு கேக்கப் போறேன்? ஒண்ணு போதும்."

"அப்புறம் எதுக்கு எல்லாத்தையும் அனுப்புனீங்க?"

மாமா கொஞ்சம் நெளிந்தார். "கடைசியா வந்ததை மட்டும்தான் அனுப்பணும்னு நினைச்சேன். எல்லாத்துலயும் டிக் விழுந்துடுச்சு. ஊர் பூரா டிக் அடிச்ச கை. பழக்க தோஷம்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் அந்த மெஷினுடன் நடத்திய உரையாடலைக் காட்டச் சொன்னாள். சத்தமாகப் படித்தாள்.

"'சார், தயவுசெய்து இலையில் உள்ள ஓட்டையை அடைக்க வேண்டாம்.' சாரா? மெஷின் உங்களுக்கு சாரா மாமா?"

"மரியாதையில என்ன நஷ்டம்?"

"'தங்களுக்கு ஏற்கெனவே தெரிவிக்கப்பட்டுள்ளது.' ஐயோ. 'இது கடைசி எச்சரிக்கை.' அதுக்குக் கீழ இன்னும் பத்து எச்சரிக்கை இருக்கே!"

"கடைசியில கேட்டுச்சா இல்லையா?"

கேட்டிருந்தது. எப்படி என்று நான் படித்துப் பார்த்தேன். கடைசிச் செய்தியில் ஓட்டை என்ற சொல்லே இல்லை. 'இந்த இலையை ஒரு பூச்சி பாதி தின்றுகொண்டிருந்தது. இப்போதுதான் எழுந்து போனது. அந்த இலையை வரையவும்.'

"ஓட்டை, ஓட்டைன்னு சொன்னா அதுக்கு அடைக்கத்தான் தோணுது" என்றார் மாமா. "கூட்டத்துல ஒருத்தன்கிட்ட ஓடாதேன்னா ஓடுவான். உக்காருன்னா உக்காருவான். இதுவும் அப்படித்தான்."

இதைச் சொல்லித்தரும் ஒரு பாடத்தை நான் அப்புறம் பார்க்கலாம் என்று சேர்த்து வைத்திருந்தேன்.

மத்தியானத்துக்கு நேரம் இருந்தது. கடைசிப் படத்தை எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். அது பெட்டியின் முகம் மட்டும்தான். ஒரு பெட்டிக்குப் பக்கவாட்டு உண்டு, முதுகு உண்டு, இரண்டு முனையிலும் மூடி உண்டு, பசை தடவும் விளிம்பு உண்டு. பிரித்த பெட்டியை வரைந்து தரும்படி ஏஐயிடம் கேட்டுப் பார்த்தேன். அழகாக வரைந்தது. அதை மடித்தால் ஒரு மூடி காற்றில் தொங்கும். நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தடித்த தாளில் அச்செடுத்து, கட்டரால் வெட்டி, மடிப்பைக் கீறினேன்.

"பிடிங்க மாமா."

மாமா விளிம்பை விரலால் அழுத்திப் பிடித்தார். பசை காயும்வரை மூச்சுக்கூட விடவில்லை.

"இப்ப விடலாமா மாப்பிள்ளை?"

"விடலாம்."

"இல்ல, இன்னும் கொஞ்சம் பிடிக்கிறேன்."

அக்கா ஆபீசுக்குப் போவதற்காகப் பையை மாட்டியவள், வாசலில் நின்று எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். போனில் எண்ணைத் தட்டிக்கொண்டே படியிறங்கினாள்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். காலிப் பெட்டிதான். பக்கத்தில் உட்கார்ந்தவர் கனமான ஏதோ இருப்பதாக நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்.

சோப்பு மேடத்தின் தொழிற்கூடம் ஒரு நீளமான அறை. மரத் தட்டுகளில் சோப்புக் கட்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே நுழைந்ததும் வாசனை சட்டையில் ஏறிக்கொண்டது. ஒரு மூலையில் கிழிந்த அட்டைப் பெட்டிகள் குவிந்து கிடந்தன.

"அதைப் பாக்காதீங்க சார், எனக்கு வயிறு எரியுது" என்றார் மேடம். ஐம்பது வயதிருக்கும். கையில் மாவு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. "கடைக்கு வர்றவங்க சும்மா இருக்க மாட்டேங்கறாங்க. மூடியைத் திறந்து மோந்து பாத்துட்டு, கிழிச்சு வெச்சுட்டுப் போயிடறாங்க. கடைக்காரர் எல்லாத்தையும் என் தலையில கட்டிடறார்."

சுவரில் அந்தப் பெரிய கம்பெனியின் டிசைன்கள் ஒட்டப்பட்டிருந்தன. நன்றாகத்தான் இருந்தன. தங்க எழுத்து, சிதறிய பூக்கள்.

"அவங்களும் நிறைய குடுத்தாங்க. ஆனா கலர் கலரா என்னென்னவோ. நீங்கதான் ஒரே இலையைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை குடுத்திருக்கீங்க. எனக்கு அது பிடிச்சுது. ஒரு பிடிவாதம் தெரியுது. எப்படி சார், ஒரே நாள்ல?"

பேசாமல் தலையாட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் விரல் மெஷின் என் கண்ணில் வந்து போனது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"அது நான் பண்ணலை மேடம். எங்க மாமா. அவருக்கு டிசைன் தெரியாது. ஏஐகிட்ட ஒரு இலையைக் குடுத்து, அது சரியா வர்ற வரைக்கும் சண்டை போட்டிருக்கார். மத்ததெல்லாம் தப்பா வந்தது. தவறுதலா சேர்ந்து வந்துடுச்சு. கடைசிதான் அவர் கேட்டது."

மேடம் என்னைப் பார்த்தார். போனில் படங்களைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் ஒவ்வொண்ணா எடுத்து, இதுக்கும் அதுக்கும் என்ன நுணுக்கமான வித்தியாசம்னு ராத்திரி பூரா ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தேன் சார்!"

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முகம் ஒரு மாதிரி இழுத்தது.

நான் செய்துகொண்டுபோன பெட்டியை மேஜைமேல் வைத்தேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திறந்து மூடினார். தலையாட்டினார். பிறகு இலைமேல் விரல் வைத்தார்.

"எல்லாம் சரி சார். இந்த ஓட்டையை மட்டும் எடுத்துடுங்க. பூச்சி கடிச்ச மாதிரி இருக்கு. நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்."

சுலபமான வேலை. அடைத்த இலை ஏற்கெனவே முப்பதுக்கு மேல் இருந்தது. சரி என்ற ஒரு சொல் போதும். ஸ்டூடியோ பிழைத்துவிடும். அது பிழைக்கவேண்டும் என்று நான் விரும்புவது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"என்ன சார்?"

மூலையில் கிடந்த கிழிந்த பெட்டிகளைப் பார்த்தேன். எல்லாமே ஒரே இடத்தில் கிழிந்திருந்தன. மூடியில்.

"ஒரு நிமிஷம் மேடம்."

பையிலிருந்து கட்டரை எடுத்தேன். பெட்டியை மேஜையில் அழுத்திப் பிடித்து, இலையின் ஓட்டையைச் சுற்றி அப்படியே வெட்டினேன். துண்டு உள்ளே விழுந்தது. அச்சில் இருந்த ஓட்டை நிஜ ஓட்டையாகிவிட்டது.

"ஒரு சோப்பு குடுங்க."

தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளே போட்டு மூடினேன். அவரிடம் நீட்டினேன்.

"மூடியைத் திறக்காம மோந்து பாருங்க."

பெட்டியை மூக்குக்குக் கொண்டுபோனார். இலையில் மூக்கு வைத்தார். கண் தானாக மூடிக்கொண்டது. அறை முழுக்க அதே வாசனை இருக்கிறது என்று உறைத்திருக்க வேண்டும். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். தெருவில் நின்று மறுபடியும் மோந்தார். எதிரே வந்த ஒருவர் வழிவிட்டு விலகிப் போனார்.

உள்ளே வந்தார்.

"அட்டை கிழியாதுல்ல?"

"கிழியாது. அச்சகத்துல அச்சு வெச்சு வெட்டிடுவாங்க."

"எடுக்க வேணாம். இருக்கட்டும்" என்றார். "ஆறு சோப்புக்கும் ஆறு இலை வேணும். ஆறு ஓட்டை. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது. முடியுமா?"

"முடியும்."

"இந்த இலையை வரைஞ்சவங்களையே வரையச் சொல்லுங்க. மெஷின்கிட்ட மாமா ஒரு இலையைக் குடுத்தார்னு சொன்னீங்களே. யார் அது?"

"என் மனைவி."

"ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன்."

"சரி" என்றேன். அதுதான் முதலில் வந்தது. பிறகு, "அவங்க இப்ப இல்ல மேடம்" என்றேன்.

பெட்டிக்குள் இருந்த சோப்பை எடுக்கப் போன மேடம், எடுக்காமல் பெட்டியை அப்படியே என் பையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா ஆபீசிலிருந்து நேராக வந்து உட்கார்ந்திருந்தாள். மாமா எதிரே. இருவரும் என் முகத்தைப் படிக்கப் பார்த்தார்கள். என் முகத்தில் எதையும் படிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தார்கள்.

"கிடைச்சுடுச்சு" என்றேன்.

மாமா எழுந்து நின்றார். கை கொடுப்பதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் மின்விசிறியைப் போட்டார்.

"அந்த இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு வரலைன்னு சொல்லிடுக்கா."

"காலைலேயே சொல்லிட்டேன்."

"காலைலேயா? அப்ப இது கிடைக்கவே இல்லையே."

"பசையும் கையுமா உக்காந்திருந்த. மாமாவை வேற அதிகாரம் பண்ணிக்கிட்டு. அப்படி உன்னைப் பாத்து ரொம்ப நாளாச்சு." அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். "படி இறங்கும்போதே போன் பண்ணிட்டேன்."

"கிடைக்காம போயிருந்தா?"

"தோலை உரிச்சிருப்பேன். போய் முகத்தைக் கழுவு. சோப்பு வாசனை தலையைச் சுத்துது."

கழுவினேன். வந்து மேஜையில் உட்கார்ந்தேன். ஆறு இலைகள். மெஷினுக்குக் கொடுக்கக்கூட முதலில் ஓர் இலை வேண்டும். என் மனைவி வரைந்ததில் கையில் இருப்பது ஒன்றுதான். பென்சிலைச் சீவினேன். நான் எழுத்தும் மடிப்பும் பார்ப்பவன். வரைவது அவள் வேலை. இருந்தாலும் ஒரு கோடு இழுத்தேன். அது வளைந்தது. அதற்கு எதிரே இன்னொன்று. நடுவில் நரம்பு. சுமாரான இலை. இலை என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

எங்கே ஓட்டை போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் மாமா வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். ஒரு தடவை செருமினால் அவருக்கு டீ வேண்டும். இப்போது பல தடவை செருமினார்.

"சொல்லுங்க மாமா."

"கோவப்படக் கூடாது."

"பட மாட்டேன்."

"அன்னிக்கு டிக் அடிச்சேன்ல. படத்துல மட்டும் அடிக்கலை போலிருக்கு. யாருக்கு அனுப்பணும்ங்கறதுலயும் ஒண்ணு கூடுதலா விழுந்திருக்கு."

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருக்கு மாமா போச்சு?"

"பொம்மைக் கம்பெனிக்காரருக்கு."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"இப்பதான் பதில் போட்டிருக்கார். அவர் மெஷின்கிட்ட காது பிஞ்ச கரடி பொம்மை கேக்கறாராம். அது காதைத் தைச்சுத் தைச்சுக் குடுக்குதாம். கடைசிப் படத்துல ஓட்டையை விட்டுவைக்க வெச்ச ஆளு யாருன்னு கேக்கறார்." மாமா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நாளைக்குக் காலைல வீட்டுக்கே வர்றாராம். அந்த ஆளை வேலைக்கு எடுத்துக்கணுமாம்."

அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"உங்களையா?"

"என்னையேதான்மா." மாமா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். யூனிபார்ம் நாள் பழக்கம். "மாப்பிள்ளை, நான் என்ன பதில் போடட்டும்?"

அவர் நின்ற இடத்துக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியே கட்டிலும் அதற்கடியில் அவர் பெட்டியும் தெரிந்தன. பெட்டி கொஞ்சம் வெளியே இழுக்கப்பட்டிருந்தது, கிளம்பவா, இருக்கவா என்று அதுவும் என்னிடம் கேட்பது போல.